கன் ஷோவில் நாலு பழைய ஸ்லிங் (துப்பாக்கி வார்) வாங்கினேன் – எது அசல், எதை மாட்டிச் சுடலாம்?

வரகு · வெள்ளி, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ஒஹாயோவில் இருக்கேன். போன மாசம் சி.எம்.பி.யில் (பழைய ராணுவத் துப்பாக்கி விக்கிற அமெரிக்க அமைப்பு) எழுதிப் போட்டிருந்த எம்1 காரண்ட் துப்பாக்கி வந்து சேர்ந்துச்சு. ஸ்லிங் இல்லை. ஞாயித்துக்கிழமை பக்கத்து ஊர் கன் ஷோவுக்குப் போனா, ஒருத்தர் மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டி நிறைய வார். சாரைப்பாம்பு மாதிரி ஒன்னோட ஒன்னு பின்னிக் கிடக்கு. கையை விட்டுத் துழாவி நாலை உருவினேன். மொத்தம் 85 டாலர். "எல்லாமே ரெண்டாம் உலகப் போர் சரக்கு"ன்னார்.

முதலாவது தோல், ரெண்டு துண்டா இருக்கு, பித்தளையில் இரட்டைக் கொக்கிகள், வழிநெடுக ஜோடி ஜோடியா துளை. முத்திரை எதுவும் தெரியலை. ரெண்டாவது பச்சை நாடா, இரும்பு பக்கிள், கசங்கின காகித உறைக்குள்ள புதுசாவே இருக்கு. மூணாவது காக்கி நாடா, பக்கிளே இல்லை, ரெண்டு முனையிலும் பித்தளைத் தகடு. நாலாவது கருந்தோல், அதில் கழுகு முத்திரை பளிச்சுன்னு இருக்கு. ஜெர்மன்காரன் கே98 துப்பாக்கியோடதாம். 85-ல் பாதி இதுக்கே போச்சு.

மூணு வாரத்தில் எங்க கிளப்பில் காரண்ட் போட்டி. எதை மாட்டலாம்? தோல் ரொம்ப வறண்டிருக்கு, இன்னிக்கு ராத்திரி எண்ணெய் போட்டு ஊறவைக்கலாம்னு இருக்கேன்.

வாத்தியார்_200கஜம் · வெள்ளி, இரவு 11:05

எண்ணெயைத் தொடாதீங்க! பாட்டிலை மூடி வைங்க, பேசிக்கலாம்.

முதலில் அகலத்தை அளந்து சொல்லுங்க. கொக்கியையும் தையலையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்க. அப்புறம் அறை விளக்கை அணைச்சுட்டு, டார்ச்சைத் தோலோடு படுக்கவைச்ச மாதிரி பக்கவாட்டில் அடிச்சுப் பாருங்க. நேரா அடிச்சா ஒன்னும் தெரியாது. முத்திரையில் மை கிடையாது, வெறும் பள்ளம்தான். நிழல் விழுந்தாத்தான் எழுத்து எழும்பும்.

வரகு · சனி, காலை 7:30

அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். நீளத் துண்டோட முனையில், கொக்கியிலிருந்து நாலு விரல் தள்ளி, "பாய்ட்" கம்பெனிப் பேரோட ஆங்கில எழுத்து நாலு. அதுக்குக் கீழே 42. நேத்து அதே இடத்தைப் பத்து தடவை தடவிப் பார்த்தும் தெரியலை!

அகலம் ஒன்னேகால் அங்குலம். கொக்கிக்கு அடியில் பச்சையா மெழுகு மாதிரி என்னவோ பூத்திருக்கு.

வாத்தியார்_200கஜம் · சனி, காலை 9:14

அடிச்சீங்க யோகம். அது எம்1907 ஸ்லிங். பேர் சொல்ற மாதிரி 1907-ல் வந்த வடிவம். முதலில் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்கு, பின்னாடி காரண்டுக்கும் இதையே கொடுத்தாங்க. பாய்ட் ஐயோவா மாநிலத்துச் சேணக்காரங்க, குதிரைச் சாமான் செஞ்சவங்க. இதே காலத்தில் மில்ஸ்கோன்னு இன்னொரு முத்திரையும் கிடைக்கும். அது மில்வாக்கி சேணக் கம்பெனி. முதல் போர்க் காலத்துது வேணும்னா ராக் ஐலண்ட் ஆயுதசாலை முத்திரையும் பரிசோதகரோட முதலெழுத்துகளும் இருக்கும்.

கொக்கியோட உலோகமும் கதை சொல்லும். ஆரம்பத்திலிருந்து 42 வாக்கில் வரைக்கும் பித்தளை. போர் முற்றி பித்தளை தோட்டாவுக்குத் தேவைப்பட்டதும், 43-லிருந்து பெரும்பாலும் கருப்பேத்தின எஃகு. உங்களுடைய 42-ம் பித்தளையும் ஒத்துப்போகுது.

ஆனா முத்திரையைப் பார்த்து மயங்கக் கூடாது. அச்சு அடிக்கிறது அரை மணி நேர வேலை. நான் பார்க்கிறது உலோகமும் தோலும் ஒன்னா வயசானதான்னு. 80 வருஷம் ஒரே இடத்தில் கொக்கி உட்கார்ந்திருந்தா அதோட உருவம் தோலில் குழியா பதிஞ்சிருக்கும். நீங்க சொன்ன பச்சை, களிம்பு. தோலில் இருக்கிற கொழுப்பும் பித்தளையும் சேர்ந்து ஊறி வர்றது. அது தையல் துளைக்குள்ள வரைக்கும் போயிருந்தா நம்பலாம். மேலோட்டமா பூசின மாதிரி இருந்தா சந்தேகப்படணும். பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்க, துணியால் துடைங்க. அதுக்கு மேல ஒன்னும் வேண்டாம்.

பச்சை நாடாவோட காகித உறையில் என்ன எழுதியிருக்குன்னு அப்படியே பார்த்துச் சொல்லுங்க.

வரகு · சனி, காலை 9:40

1005-ல் ஆரம்பிக்கிற எண், மொத்தம் 11 இலக்கம். அடுத்த வரியில் டி.எஸ்.ஏ. 100-67-சி, அப்புறம் நாலு இலக்கம்.

வாத்தியார்_200கஜம் · சனி, காலை 9:52

அப்போ உங்க வியாபாரி சொன்ன ரெண்டாம் உலகப் போர் அங்கேயே முடிஞ்சுது. டி.எஸ்.ஏ. என்பது அமெரிக்கப் பாதுகாப்பு வழங்கல் முகமை. அது தொடங்கினதே 1961-ல்தான், 1977-ல் பேர் மாத்திட்டாங்க. நடுவில் இருக்கிற 67 ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு. 11 இலக்க எண்ணும் 1974-க்கு முந்தினதுன்னு சொல்லுது, அதுக்கப்புறம் 13 ஆக்கிட்டாங்க. ஆக இது வியட்நாம் காலத்துச் சரக்கு. எம்1 நாடா ஸ்லிங்தான், காரண்டுக்கு அச்சா பொருந்தும். போட்டியிலும் அனுமதி உண்டு. போர்க்காலத்து நாடாக்கள் பெரும்பாலும் காக்கி சாயலா இருக்கும், பின்னாடி வந்ததுதான் இந்த அடர்பச்சை.

விலை குறைவுன்னு முகம் சுளிக்காதீங்க. சுடறதுக்கு இந்த நாலில் எனக்குப் பிடிச்சது இதுதான்.

ஸ்கார்பரோ_303 · சனி, பகல் 12:20

மூண்டாவது காக்கி நாடாவை ஒருத்தரும் கவனிக்கேல்லை போல. எனக்கு அதுதான் முக்கியம்! அது லீ என்ஃபீல்டின்ரை நாடா, .303 எண்டு சொல்லுற பிரிட்டிஷ் துவக்கு. 1901-ஆம் ஆண்டு மாதிரி எண்டு சொல்லுவினம். பக்கிள் இல்லாததே அதின்ரை அடையாளம். பித்தளைத் தகட்டுக்குப் பக்கத்தில வடிவாப் பாருங்கோ, அம்புக்குறி ஒண்டு இருக்கோ? அம்பு ஒரு "சி" எழுத்துக்குள்ள இருந்தா கனடா. தனி அம்பு எண்டால் பிரிட்டன். ரெண்டு "டி"க்கு நடுவில அம்பு நிண்டால் அவுஸ்திரேலியா. "யூ"க்குள்ள இருந்தால் தென்னாபிரிக்கா. "என்"னுக்கும் "இசட்"டுக்கும் நடுவில எண்டால் நியூசிலாந்து.

வரகு · சனி, பகல் 12:31

சி-க்குள்ள அம்பு! பக்கத்தில் இசட்.எல். அண்டு டி. லிமிடெட், 1942.

ஸ்கார்பரோ_303 · சனி, பகல் 12:38

எங்கட ஊர்ச் சாமான் தம்பி. கனடாவில செய்தது. அந்தக் கம்பெனி படைக்கு எக்கச்சக்கமா நாடா நெய்து குடுத்தது. என்னட்டை 1943-இல வந்த லோங் பிராஞ்ச் துவக்கு ஒண்டு இருக்கு, நம்பர் 4. அதுக்கு 42 நாடா தேடி ரெண்டு வருசமா அலையிறன். விக்கிற எண்ணம் இருந்தால் எனக்கு ஒரு தனி மடல் போடுங்கோ.

அகலம் ஒண்டேகால் அங்குலம் எண்டபடியால் காரண்டின்ரை வளையத்துக்குள்ளயும் போகும். ஆனால் அவசரத்துக்கு நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஏலாது. தோளில கொழுவிக்கொண்டு நடக்கத்தான் சரி.

பழைய_கேடட்_திருச்சி · சனி, மாலை 6:10

படித்துக்கொண்டே வருகிறேன். கை அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். எழுபதுகளில் என்.சி.சி.யில் எங்களுக்கு .303 கொடுத்துக் கவாத்து நடத்துவார்கள். ஸ்லிங் தளர்ந்து தொங்கினால் ஹவில்தார் மேஜர் அதைப் பிடித்தே ஆளை உலுக்குவார். "சலாமி சஸ்த்ர" (துப்பாக்கியை ஏந்தி மரியாதை செய்யும் ஆணை) என்றதும் அறுபது கையும் ஒரே நேரத்தில் நாடாவில் பட்டு "சளார்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். தொங்கும் நாடாவில் அந்தச் சத்தம் வராது. நாடாவுக்கு பிளாங்கோ என்ற பூச்சு மாவு, பித்தளைக்கு பிராஸோ. பிராஸோ தீர்ந்தால் விடுதிச் சமையற்கட்டில் புளி கேட்டு வாங்குவோம்.

உத்தரப் பிரதேசக் காவல்துறை அந்தத் துப்பாக்கியை 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் வழியனுப்பியது. செய்தியைப் பார்த்து அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் துப்பாக்கி கிடையாது. இங்கே அந்த அளவு தனியாருக்குத் தடைசெய்யப்பட்டது. நாடா மட்டும் ஒன்று பழைய பெட்டியில் இருக்கிறது. அம்புக்குக் கீழே "ஐ" என்று ஓர் எழுத்து. பளபளப்பு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை புளி போட்டு விளக்கலாமா?

ஸ்கார்பரோ_303 · சனி, மாலை 6:25

ஐயா, புளி வேண்டாம், கும்பிட்டுக் கேக்கிறன். "ஐ" எண்டால் இந்தியா. அந்தக் கறுப்புப் படிவுதான் அதின்ரை வயசுச் சான்றிதழ். விளக்கினால் நேற்றுச் செய்த சாமான் மாதிரி வந்திடும். பிளாங்கோ இன்னும் ஒட்டியிருந்தால் அதையும் கழுவ வேண்டாம். பிளாங்கோவுக்குக் கீழதான் அனேகமா ஆண்டும் கம்பெனிப் பேரும் ஒளிஞ்சிருக்கும். தண்ணியில ஊறப்போட்டால் மையும் சேர்ந்து போயிடும். ஒரு மெல்லிசுத் தூரிகையால காய்ஞ்ச மாவைத் தட்டி எடுங்கோ, காணும்.

தோல்கிடங்கு · சனி, இரவு 8:45

ஆம்பூர்க்காரன். மூணு தலைமுறையா தோல் தொழில். துப்பாக்கி பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது, தோல் பத்தி மட்டும் கேளுங்க.

அந்தக் கழுகு முத்திரை வாரை எடுங்க தம்பி. வெட்டின விளிம்பைப் பாருங்க, மேல்பக்கம் வேண்டாம். விளிம்பில் சாயம் பூசியிருந்தா ஒரு துளைக்குள்ள பாருங்க. உள்சதை என்ன நிறம்?

வரகு · சனி, இரவு 9:02

நடுவில் லேசா நீலம் கலந்த சாம்பல் நிறமா ஒரு கோடு ஓடுது. வெளியில்தான் கருப்பு.

தோல்கிடங்கு · சனி, இரவு 9:20

அப்போ அது குரோம் பதனம். குரோம் உப்பில் பதப்படுத்தின தோல் நடுவில் அப்படித்தான் நீலமா நிக்கும். பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் குறுக்க வெட்டினா மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே பழுப்பு. இழுவிசை தாங்கணும், நீளக் கூடாது, முத்திரை அடிச்சா நிக்கணும்னு நினைக்கிற சேணக்காரன் பட்டைப் பதனத் தோலைத்தான் எடுப்பான். குரோம் தோல் ரப்பர் மாதிரி, அழுத்தினா எழும்பிடும். அதில் முத்திரை இவ்வளவு பளிச்சுன்னு நிக்குதுன்னா சூடுபடுத்தி அடிச்சிருக்காங்க.

எனக்கென்னவோ அது நம்ம கான்பூர் பக்கத்து வேலையா தெரியுது. வெள்ளைக்காரன் காலத்திலேயே அங்கே படைக்குச் சேணத் தொழிற்சாலை இருந்துச்சு, இப்பவும் சேணமும் வாரும் செஞ்சு ஏத்துமதி ஆகுது. நாடகத்துக்கும் போர் வேஷம் கட்டறவங்களுக்கும் செய்யற நகல் நல்ல வேலைதான், தப்பில்லை. நடுவில் யாரோ ஒருத்தர் பழசுன்னு சொல்லி வித்தாரே, அதுதான் தப்பு.

ஒரு சின்னப் பெருமை பேசிக்கறேன். முதல் உலகப் போரப்போ பிரிட்டிஷ் சிப்பாய் போட்ட பூட்ஸுக்கு மெட்ராஸ் மாகாணத்து ஆவாரம்பட்டைத் தோல் கப்பல் கப்பலா போச்சு. ஏத்துமதி மொத்தத்தையும் சர்க்காரே எடுத்துக்கிட்டாங்க.

வாத்தியார்_200கஜம் · சனி, இரவு 9:41

தோல்கிடங்கு சார் சொன்னதோட ஒன்னு சேர்த்துக்கறேன். கே98-ல் வார் அடியில் தொங்காது, இடது பக்கவாட்டில் ஓடும். பின்பக்கம் வளையமே கிடையாது. கட்டையில் வெட்டின பொந்துக்குள்ள வார் நுழைஞ்சு வரும். அசல் வாரில் அந்தப் பொந்து கவ்வின இடம் மட்டும் பளபளன்னு தேய்ஞ்சு, ஓரம் உருண்டிருக்கும். உங்களுடையது நீளம் முழுக்க ஒரே மாதிரி "பழசா" இருந்தா, அது வாளிக்குள்ள பழசானது.

ஜெர்மன் தோல் சாமானில் நகல் மலிஞ்சு கிடக்கு. நான் தொடறதே இல்லை.

பழைய_கேடட்_திருச்சி · ஞாயிறு, காலை 6:50

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தாத்தா வண்டிமாட்டு வாருக்கெல்லாம் விளக்கெண்ணெய்தான் தடவுவார். இருபது வருஷம் உழைக்கும். இந்த அமெரிக்கத் தோலுக்கு மட்டும் ஏன் ஆகாது?

தோல்கிடங்கு · ஞாயிறு, காலை 8:15

ஆகாதுன்னு இல்லைங்க ஐயா. உங்க தாத்தா வாரு தினம் உழைச்ச வாரு. வெயிலில் காஞ்சுது, மழையில் நனைஞ்சுது, மாசம் ஒரு தடவை எண்ணெய் குடிச்சுது. இது பெட்டியில் தூங்கின தோல். நாரெல்லாம் காஞ்சு ஒன்னோட ஒன்னு ஒட்டிக் கிடக்கு. திடீர்னு எண்ணெயில் முக்கினா நார் வழுக்கி, வார் நீண்டு, துளை வாயைப் பிளந்துடும். தையல் நூலும் ஊறி இத்துப்போகும். விளக்கெண்ணெய் போகப்போகப் பிசுக்கேறி ஊர்த் தூசியை எல்லாம் பிடிச்சு வைக்கும். தேங்காய் எண்ணெய்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி: ஒஹாயோ குளிரில் அது துளைக்குள்ளயே உறைஞ்சு நிக்கும்.

அந்தப் படையே நீட்ஸ்ஃபுட் எண்ணெய்தான் போட்டுச்சு. மாட்டுக் காலெலும்பைக் காய்ச்சி எடுக்கிறது. பஞ்சில் ஒத்தி, முழுத் தோலுக்கும் லேசா ஒரு ஈரம். ஒரு ராத்திரி விடுங்க. வேணும்னா மறுபடி ஒரு தடவை. போதும்.

விரலில் சிவப்பா செங்கல் தூள் மாதிரி ஒட்டுதான்னு முதலில் பாருங்க. ஒட்டினா அந்தத் தோல் செத்துப்போச்சு. எந்த எண்ணெயும் எழுப்பாது.

வரகு · ஞாயிறு, காலை 10:05

தூள் ஒட்டலை. மெதுவா வளைச்சா மேலே மயிரிழை மாதிரி வெடிப்பு தெரியுது, நிமிர்த்தினா மறையுது. நடுவில் ரெண்டு ஜோடி துளை நீள்வட்டமா இழுத்துக்கிட்டிருக்கு. இதையே போட்டியில் மாட்டினா என்ன?

வாத்தியார்_200கஜம் · ஞாயிறு, காலை 10:48

வேண்டாம். என் கதையைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

எட்டு வருஷம் முன்னாடி 1918 முத்திரை போட்ட ஸ்லிங் ஒன்னு வாங்கினேன். "இழுத்துப் பார்த்தாச்சு, உறுதி"ன்னு கடைக்காரர் எழுதியே கொடுத்தார். படுத்துச் சுடற வரிசையில் நாலாவது தோட்டா. தபால் உறையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். ரெண்டு துளைக்கு நடுவில் இருந்த தோல் கிழிஞ்சு கொக்கி வெளியில் வந்துடுச்சு. என் இடது கை அதுவரைக்கும் வாரை நம்பியே நின்னதால் சட்டுன்னு சரிஞ்சுது. ஒன்பதரை பவுண்டு துப்பாக்கி முன்னால் குப்புற விழுந்து, ஃப்ரண்ட் சைட் (குழல் நுனியில் குறிபார்க்கிற முனை) காது சிமெண்டில் மோதி வளைஞ்சுது. குழல் இலக்குப் பக்கமே இருந்தது, கடவுள் புண்ணியம். நடுவர் எழுந்து வந்து பார்த்த பார்வை இருக்கே!

அந்த நீள்வட்டத் துளைதான் அடையாளம். வட்டமா இருந்த துளை இழுபட்டிருந்தா அடுத்தது கிழிசல். பாய்ட்டைச் சுவரில் மாட்டுங்க. போட்டிக்கு உங்க 67-ஐப் போடுங்க. தோல்தான் வேணும்னா இன்னிக்குச் செய்யற நல்ல நகல் 1907-ஐ வாங்குங்க.

வரகு · ஞாயிறு, காலை 11:10

சரி அண்ணா, நகல் தோல் ஒன்னுக்கு ஆர்டர் போட்டாச்சு. கையில் எப்படி மாட்டறது? படம் பார்த்தா புதிர் மாதிரி இருக்கு.

வாத்தியார்_200கஜம் · ஞாயிறு, மதியம் 2:30

சாப்பிட்டுட்டு வந்து நிதானமா எழுதறேன். வலக்கைக்காரருக்கு:

நீளத் துண்டில்தான் கைக்கான வளையம் வரும். குட்டைத் துண்டு பின்பக்க ஸ்விவலுக்கு, அதாவது துப்பாக்கியில் வார் மாட்டற வளையத்துக்கு. கொக்கிகளோட முனை துப்பாக்கிக் கட்டைக்கு எதிர்ப்பக்கம் பார்க்கணும், இல்லைன்னா மரத்தைக் கீறும். முதலில் குட்டைத் துண்டோட கொக்கியைக் கழட்டித் தளர்த்திடுங்க. இங்கதான் எல்லாரும் தடுக்கி விழறாங்க. பின்பக்கம் இறுக்கமா இருக்கணும்னு நினைப்பு. அது தொளதொளன்னு கிடக்கட்டும். இழுவிசை முன் ஸ்விவலுக்கும் உங்க மேல்கைக்கும் நடுவில் மட்டும்தான்.

வளையத்தை இடப்பக்கம் அரைச்சுற்று திருப்பி, இடது கையை நுழைச்சு, அக்குள் வரைக்கும் ஏத்துங்க. புஜத்தசைக்கு மேலே உட்காரணும், தசை மேலேயே உட்கார்ந்தா நாடித்துடிப்பு நேரா துப்பாக்கிக்கு வந்து ஃப்ரண்ட் சைட் டிக் டிக்னு ஆடும். தடிமனான கைச்சட்டை போட்டா பாதி குறையும். அப்புறம் வார் மேல நகர்ற தோல் வளையங்களை (கீப்பர்) கீழே தள்ளி வளையத்தைப் பூட்டுங்க. கையை வாருக்கு வெளியே சுத்திக் கொண்டுவந்து, வார் புறங்கையில் தட்டையா படியற மாதிரி முன் ஸ்விவல் வரைக்கும் ஏத்துங்க. அரைச்சுற்று திருப்பலைன்னா வாரோட ஓரம் மணிக்கட்டில் கத்தி மாதிரி இறங்கும்.

இறுக்கம் சரியான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. வலது கையால் துப்பாக்கியோட பின்கட்டையை முன்னால் தள்ளித்தான் தோளுக்குள்ள நுழைக்க முடியணும். தள்ளாமலே ஜம்முன்னு உட்கார்ந்துடுச்சுன்னா இன்னும் ஒரு துளை குறைக்கணும். எத்தனாவது துளைன்னு எண்ணி எழுதி வைங்க. உட்கார்ந்து சுடறப்போ அதைவிட ஓரிரு துளை குட்டையா வரும்.

நாடா ஸ்லிங்கிலும் வளையம் போடலாம், கொஞ்சம் வழுக்கும். அவசரத்துக்கு முழு வாருக்குள்ளயும் கையை விட்டு முறுக்கிப் பிடிக்கிறது இன்னொரு முறை. அது நின்னு சுட உதவும், படுத்துச் சுட அவ்வளவு பிடிப்பு வராது. ஆனா போட்டியில் நின்னு சுடற பத்துக்கு ஸ்லிங்கைப் பிடிப்புக்குப் பயன்படுத்தக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்னு. காரண்டில் முன் ஸ்விவல் கட்டையோட நுனிப் பூணில் இருக்கு, அந்தப் பூண் குழல் மேல இருக்கிற பட்டையில் மாட்டியிருக்கு. வாரை இறுக்கினா குழலையே கீழே இழுக்கும், தோட்டாவும் கீழே இறங்கும். மேசை மேல மணல் மூட்டை வைச்சு சைட் சரிபண்ணிட்டுப் போட்டிக்கு வராதீங்க. ஸ்லிங்கோட படுத்துச் சரிபண்ணுங்க.

மதுரை_ஏர்ரைஃபிள் · ஞாயிறு, மாலை 4:00

நடுவில் புகுந்ததுக்கு மன்னிக்கணும். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதியிலும் நின்னு சுட ஸ்லிங் கிடையாது, படுத்தும் முழங்காலிட்டும் சுடறப்போதான். அகலம் 40 மி.மீ.க்கு மேல போகக் கூடாது. ஒன்னேகால் அங்குலம் 32 மி.மீ.தான் வருது, இந்தப் பழைய வார் அளவில் பாஸ் ஆகிடும் போல.

ஸ்கார்பரோ_303 · ஞாயிறு, மாலை 4:45

லீ என்ஃபீல்டில சுடுற ஆக்கள் பின் வளையத்தை விட்டிட்டு மகசினுக்கு முன்னால இருக்கிற திருகாணியில ஒரு ஸ்விவல் பூட்டி, நடு வளையத்துக்கும் அதுக்கும் நடுவில நாடாவைக் கட்டுவினம். இங்கிலாந்தில பிஸ்லி சுடுகளத்தில பாத்திருப்பியள். கொக்கியும் இல்லை, துளையும் இல்லை, கிழியவும் இல்லை. சும்மா சொல்லி வைக்கிறன்.

வரகு · மூணு வாரம் கழிச்சு, சனி, இரவு 8:20

போட்டி முடிஞ்சு வந்தாச்சு. நகல் தோல் நேரத்துக்கு வரலை, 67 நாடாவோடதான் போனேன்.

மெதுவா சுடற பத்து நல்லா வந்துச்சு. வேகமா சுடற பத்தில் முதல் கிளிப்பில் (தோட்டாக் கட்டு) ரெண்டு, அடுத்ததில் எட்டுன்னு போடணும்ல, அந்த ரெண்டாவது கிளிப் போடறப்போ பின்கட்டையைத் தோளிலிருந்து எடுத்துட்டேன். திரும்ப நுழைக்கிறதுக்குள்ள உயிர் போச்சு. ஆனா வார் கையை விட்டு நகரலை. எட்டுத் தோட்டாவும் ஒரு சாசர் அளவுக்குள்ள விழுந்துச்சு, ஆனா எல்லாமே கீழே தள்ளி. ஆமா, மூட்டை வைச்சுத்தான் சைட் சரிபண்ணியிருந்தேன். திட்டுங்க.

நின்னு சுட்டதைப் பத்தி யாரும் கேக்க வேண்டாம்.

புறங்கையில் நாடாவோட நெசவு அப்படியே அச்சு விழுந்திருக்கு, நூல் எண்ணலாம். ஸ்கார்பரோ அண்ணைக்குக் கனடா நாடாவைத் திங்கக்கிழமை தபாலில் அனுப்பறேன். பாய்ட் ஹால் சுவரில் தொங்குது, "இந்த பெல்ட்டை ஏன் ஆணியில் மாட்டியிருக்கே"ன்னு ஊரிலிருந்து வந்த அம்மா ரெண்டு தடவை எடுத்து அலமாரியில் மடிச்சு வைச்சுட்டாங்க.

கழுகுதான் மிச்சம். யாருக்காவது வேணுமா? தபால் செலவு என்னோடது.

தோல்கிடங்கு · சனி, இரவு 8:55

எனக்கு அனுப்புங்க தம்பி. கிடங்கில் ராஜபாளையம் ஒன்னு இருக்கு, மாசம் ஒரு பட்டையை அறுக்குது. கொக்கி நல்லா இருக்குல்ல?